அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்: அப்பர் கனடா வில்லேஜில் ஒரு நாள்

பள்ளிக்கூடம் விட்ட முதல் கிழமையிலேயே என் சின்னவள் தொடங்கிவிடுவாள். "அம்மம்மா, பாண் கிராமத்துக்கு எப்ப போறம்?" அவள் பாண் கிராமம் என்று சொல்வது அப்பர் கனடா வில்லேஜை. ஒட்டாவாவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓடினால், சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில், மொரிஸ்பேர்க் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1860களில் ஒன்ராறியோவின் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி அமைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து உடுப்புப் போட்ட ஆட்கள் அங்கே உண்மையாகவே வேலை செய்கிறார்கள். ஆலையில் கோதுமை அரைபடுகிறது, அந்த மாவில் பாண் வேகிறது, ஆற்றுத் தண்ணீரின் வலுவில் மரம் அறுபடுகிறது.

நான் ஆறு முறை போயிருக்கிறேன். முதல் முறை பின்னேரம் இரண்டு மணிக்குப் போய், பழைய வீடுகளைப் பார்த்து, படம் எடுத்து, களைத்துத் திரும்பினோம். இரண்டாம் முறை அம்மா கூட வந்தார். அந்த இடத்தை எப்படிப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் இருக்கிற சொந்தக்காரர் கேட்கக் கேட்க வட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

வெளிக்கிடுவதற்கு முன்

பகல்நேரக் கிராமம் கோடையில்தான். ஒக்டோபர் இரவுகளில் செதுக்கிய பூசணிக்காய்களுக்குள் விளக்கு வைத்து ஒரு நிகழ்ச்சி நடக்கும், குளிர்காலத்தில் வீடுகளுக்கெல்லாம் மின்விளக்கு அலங்காரம் செய்வார்கள். இரண்டும் அழகுதான், ஆனால் அவை வேறு. வேலை நடப்பதைப் பார்க்கவேண்டுமென்றால் கோடைப் பகலில் போங்கள். கோடையிலும் கிழமையின் ஏழு நாளும் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெளிக்கிட வேண்டாம். முதல்நாள் இரவு அவர்களுடைய இணையத்தளத்தில் திறக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டுப் படுங்கள். யூன் மாத வேலைநாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். எனக்குப் பிடித்தது யூலை, ஓகஸ்ட் மாதத்து வேலைநாள் ஒன்று.

ஒட்டாவாக்காரருக்கு வழி சுலபம். பாங்க் வீதியை விடாமல் தெற்கே போனால் அதுவே 31ஆம் வீதியாகி மொரிஸ்பேர்க்கில் கொண்டுபோய் விடும். அங்கே கிழக்குப் பக்கம் திரும்பி, ஆற்றை ஒட்டி 2ஆம் வீதியால் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். 401 நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் 758ஆம் வெளிவழியில் இறங்கவேண்டும், பெயரே அப்பர் கனடா வீதிதான். மொன்றியலிலிருந்து ஒன்றரை, ஒன்றேமுக்கால் மணி நேரம் வரும். ரொறன்ரோவிலிருந்து நாலு மணி நேரம். வயதான ஆட்களோடு அதை ஒரே நாளில் போய்த் திரும்புவது நல்லதல்ல. முதல்நாள் இரவு கிங்ஸ்ரனிலோ கோர்ன்வாலிலோ தங்குங்கள். ஒட்டாவாவில் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் நல்லது, சாட்டோடு சாட்டாக அவர்களையும் பார்த்த மாதிரி இருக்கும்.

வடக்கே இல்லாத இடத்துக்கு ஏன் அப்பர் என்று பெயர் என்று பிள்ளைகள் வழியில் கேட்பார்கள். ஆற்றை வைத்துத்தான் அந்தப் பெயர். கடலுக்கு அருகே இருந்த கீழ்ப்பகுதி, இன்றைய கியூபெக், கீழ்க் கனடா. ஆற்றை எதிர்த்து ஏறிப்போனால் வருவது மேல் கனடா. 1791 முதல் 1841 வரை ஒன்ராறியோவின் தென்பகுதிக்கு அதுதான் பெயர். காரில் போகும்போதே இதைச் சொல்லிவிட்டால் அங்கே போனதும் பிள்ளைகளின் கண் தானாக ஆற்றுப் பக்கம் திரும்பும்.

உள்ளே பாதை முழுக்கச் சரளைக் கல்லும் மண்ணும். நல்ல சப்பாத்துப் போடுங்கள். அம்மாவின் சில்லு வைத்த நடைவண்டி அந்தக் கல்லில் இறுகிவிட்டது. அடுத்த வருடம் பெரிய சில்லு வைத்த தள்ளுகதிரையைக் கொண்டுபோனோம், கரைச்சல் இருக்கவில்லை. வீடுகளின் மாடிப்படிகள் செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். ஏறமுடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், அடுப்பும் வேலையும் கீழேதான். கொளுத்துகிற யூலையிலும் குசினிகளில் விறகு எரியும், ஆகவே தண்ணீர்ப் போத்தல் கட்டாயம் வேண்டும். ஆறும் வாய்க்காலும் பக்கத்தில் என்பதால் நுளம்புக்குப் பூசுவதற்கும் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விசயத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. பயணம் என்றால் எங்கள் ஆட்கள் புட்டும் முட்டைப்பொரியலும் கட்டுவார்கள். இந்தப் பயணத்துக்கு அது வேண்டாம். ஒரு போத்தலில் மாசி போடாத கட்டைச்சம்பல், பிள்ளைகளுக்கு அவித்த முட்டை, வாழைப்பழம், சுடுபோத்தலில் தேத்தண்ணீர், ஒரு பாண்கத்தி. இவ்வளவும் போதும். பாண் அங்கே இருக்கிறது. உள்ளே வில்லார்ட்ஸ் ஹொட்டேல் என்று பழைய விடுதி ஒன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து உடுப்போடு பரிமாறுவார்கள். ஒரு தடவை இருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் பால்

வாசலில் வரைபடம் கிடைக்கும். எல்லாரும் முதலில் தெரிகிற வீட்டுக்குள் நுழைவார்கள். நீங்கள் நேரே சீஸ் செய்யும் இடத்துக்குப் போங்கள். கிராமத்தில் மற்ற வேலைகளை எந்த நேரமும் பார்க்கலாம், பால் மட்டும் உங்களுக்காகக் காத்திருக்காது. காலையில் பாலைச் சூடாக்கி உறை ஊற்றினால், அது கட்டியாகி, வெட்டுப்பட்டு, நீர் வடிந்து, உப்புச் சேர்ந்து, அச்சுக்குள் போய், பாரத்தின் கீழ் இருப்பதோடு அன்றைய கதை முடிந்துவிடும். பின்னேரம் போனால் மூடிய அச்சைத்தான் பார்ப்பீர்கள். எங்கள் முதல் பயணத்தில் நடந்தது அதுதான்.

அம்மாவோடு போன அன்று பால் உறைந்துகொண்டிருந்த நேரம். நீளமான தொட்டி நிறையப் பால் அசையாமல் கிடந்தது. செய்கிறவர் கையைக் கழுவித் துடைத்து, ஒரு விரலைச் சரிவாக உள்ளே விட்டு மெல்ல மேலே தூக்கினார். மேற்பரப்பு கத்தியால் கீறியதுபோல நேராகப் பிளந்தது. பிளந்த இடத்தில் பச்சை கலந்த மஞ்சளாகக் கொஞ்ச நீர் ஊறியது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா எனக்குப் பக்கத்தில் நின்று, "பதம் வந்திட்டுது" என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் நாலைந்து சொல்தான் தெரியும். சீஸை அவர் வாயில் வைத்ததே இல்லை. ஆனால் ஐம்பது வருடம் தயிருக்கு உறைமோர் விட்டவர். நான் அம்மா சொன்னதை மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் திரும்பி அம்மாவைப் பார்த்து, ஊரில் நீங்கள் எப்படிப் பதம் பார்ப்பீர்கள் என்று கேட்டார். சட்டியைச் சரித்துப் பார்ப்பம், விளிம்பை விட்டு விலகவேணும் என்று அம்மா கையால் காட்டினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. கம்பி கட்டிய கத்தியால் பால்கட்டியைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டும்போது அம்மா தொட்டிக்கு அருகிலேயே நின்றார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொடுத்தேன்.

இந்தக் குறிப்பின் தலைப்பு அதனால்தான் அப்படி. அடுப்பில் விறகு வைத்தவர்கள், மாடு கறந்தவர்கள், கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் அவர்கள்தான் இந்தக் கிராமத்துக்கு நல்ல வழிகாட்டி. எங்களுக்கு அது பழங்காலம். அவர்களுக்கு அது கை மறக்காத வேலை. "அதுகளுக்கு என்ன விளங்கப்போகுது, வீட்டிலை இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சைவக்காரருக்கு ஒன்று சொல்லவேண்டும். சீஸுக்கு ஊற்றுகிற உறை, பழைய முறைப்படி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. வாங்குவதற்கு முன் எந்த உறை என்று கேளுங்கள். அம்மா கேட்டார், பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

கையிலிருந்து யந்திரத்துக்கு

1860கள் என்றால் இரண்டு காலமும் ஒரே தெருவில் இருந்த நேரம். வீட்டில் கையால் செய்த வேலையைப் பக்கத்திலேயே தண்ணீரும் நீராவியும் செய்யத் தொடங்கியிருந்தன. அதனால் ஒவ்வொரு வேலையையும் முதலில் கையில் பாருங்கள், அப்புறம் யந்திரத்தில் பாருங்கள். மாற்றிப் பார்த்தால் யந்திரம் வெறும் சத்தமாகத்தான் தெரியும்.

கம்பளியை எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளில் யாராவது பெரிய சக்கரத்தில் நூல் நூற்றுக்கொண்டிருந்தால் அங்கே நில்லுங்கள். அந்தச் சக்கரம் ஆள் உயரத்துக்குக் கிட்ட வரும், அதில் இருந்துகொண்டு நூற்க முடியாது. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மறுகையில் கம்பளியைப் பிடித்தபடி பின்னால் நடக்கவேண்டும். நடக்க நடக்க நூல் நீளும். பிறகு முன்னால் நடந்து அந்த நூலைச் சுற்றவேண்டும். திரும்பவும் பின்னால். என் மூத்தவன் எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணத் தொடங்கி, எண்பதில் விட்டுவிட்டான். அவன் எண்ணி முடிக்கும்போது ஒரு உள்ளங்கை அளவு நூல்தான் சேர்ந்திருந்தது.

அந்தக் கணக்கு மனதில் இருக்கும்போதே அசெல்ஸ்டைன் கம்பளி ஆலைக்குப் போங்கள். உள்ளே காலடி வைத்ததும் தரை அதிரும். தண்ணீர் சுழற்றுகிற ஒரு தண்டிலிருந்து தோல் பட்டிகள் கூரைவரை ஏறி ஒவ்வொரு யந்திரத்துக்கும் இறங்குகின்றன. கம்பளியைச் சிக்கெடுத்து வாரும் உருளைகள் ஒரு பக்கம் சுழல்கின்றன. இன்னொரு பக்கம் நூற்கும் யந்திரம். வரிசையாகக் கதிர்கள் வைத்த நீண்ட வண்டி ஒன்று தண்டவாளத்தில் பின்னால் உருண்டு, எல்லா நூலையும் ஒன்றாக இழுத்து முறுக்கி, திரும்ப முன்னால் வந்து சுற்றுகிறது. சற்றுமுன் அந்தப் பெண் நடந்த அதே நடைதான் இது. "அம்மா, இது அந்த அன்ரி நடந்த நடை!" என்று கத்தினான் மூத்தவன். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்த ஒழுங்கு சரியாக இருந்ததால் அவனே கண்டுபிடித்தான்.

மர ஆலையும் அப்படித்தான். மடையைத் திறந்தால் தண்ணீர் பாயும், வாள் நெட்டுக்கு மேலும் கீழும் போய்வரும், மரக்குற்றியைச் சுமந்த வண்டி அங்குலம் அங்குலமாக அதை நோக்கி நகரும். பலகை விழுகிறவரைக்கும் நில்லுங்கள். பலர் ஒரு நிமிடப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கடைசி அங்குலம் அறுபட்டு, பலகை ஒருபக்கம் சாய்கிறபோது வருகிற ஈர மர வாசத்துக்காகவே நான் ஒவ்வொரு முறையும் அங்கே நிற்பேன்.

பெலமி மா ஆலை 1822இல் கட்டியது, வேறு ஊரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். நீராவியில் ஓடும் ஆலை. மேல்கல், கீழ்க்கல் என்று எங்கள் திரிகையைப் பெருப்பித்த மாதிரித்தான். கல்லில் ஏன் வரி வெட்டியிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டதற்கு அம்மாதான் பதில் சொன்னார். "கொத்தாத கல்லு அரைக்காது, வழுக்கும்." ஊரில் அம்மி பொழிகிறவர் தெருவால் வருவது எனக்கும் மங்கலாக நினைவிருக்கிறது.

அரைத்த மா பாண் போறணைக்குப் போகிறது. செங்கல் போறணைக்குள்ளேயே விறகை எரித்து, தணலை வாரி வெளியே எடுத்துவிட்டு, கல் பிடித்துவைத்திருக்கிற சூட்டில் பாணை வேகவைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஊர்ப் பேக்கரிகளின் விறகுப் போறணையைக் கண்டவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. வெந்த பாண் கிராமத்துக் கடைக்கு விற்பனைக்கு வரும். மத்தியானத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள், பிந்தினால் முடிந்துவிடலாம். இரண்டாக வாங்குங்கள். ஒன்றை அங்கேயே, புல்வெளியில் நிழல் பார்த்து இருந்து, கையால் பிய்த்து, கட்டைச்சம்பலோடு சாப்பிடுங்கள். மேல்தோல் தடிப்பாக மொறுமொறுவென்றிருக்கும், உள்ளே இன்னும் இளஞ்சூடு இருக்கும். பாண் கிராமம் என்ற பெயர் வந்தது அந்தப் புல்வெளியில்தான்.

பின்னேரத்துக்கு இருப்பவை அவசரமில்லாதவை. தும்புத்தடி கட்டுகிறவரைத் தவறவிடாதீர்கள். ஒருவகைச் சோளத்தின் காய்ந்த கதிரைத் தடியில் சேர்த்து இறுக்கி, தட்டையாக்கித் தைப்பார். அம்மா அதை வாங்கி நிலத்தில் இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, ஈர்க்குமாறு போல முற்றத்துக்குச் சரிவராது, வீட்டுக்குள்ளுக்கு நல்லது என்றார். அந்தத் தடி நாலு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறது. கொல்லன் பட்டறை, தகரவேலை, அச்சுக்கூடம் எல்லாம் பார்க்கலாம். பட்டறைக்கு முன்னால் எந்த நேரமும் கூட்டம் நிற்கும். ஒற்றை வகுப்பறைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாங்கில் இருத்திவிட்டுப் பெரியவர்கள் கால் ஆறலாம். வாய்க்கால் கரையால் குதிரை நடந்துபோய்க் கயிற்றில் இழுத்துச் செல்கிற படகும், குதிரை வண்டியும் உண்டு. எந்த நேரம் ஓடும் என்று உள்ளே போகும்போதே கேட்டுவையுங்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அது நல்ல ஆறுதல்.

குத்தகைக்காரரின் மரக்குடிலையும் வசதியான கமக்காரரின் கல்வீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். குடிலில் சமைப்பதும் படுப்பதும் எல்லாம் ஒரே இடத்தில்தான். மற்றதில் விருந்தினருக்கென்றே தனி அறை இருக்கிறது. இரண்டும் ஒரே காலம், ஒரே மண்.

எப்படிக் கேட்பது

அங்கே வேலை செய்கிறவர்கள் நீங்கள் கேட்டால்தான் கதைப்பார்கள். கேட்காதவருக்கு ஒரு வணக்கத்தோடு வேலை தொடரும். எங்கள் ஆட்கள் ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்று வாய் திறக்காமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இது எத்தனை வருடம் பழையது என்ற கேள்விக்கு ஒரு எண்தான் பதிலாக வரும். அதை விட்டு, பதம் வந்ததை எப்படி அறிவீர்கள், எந்த இடத்தில் பிழைத்துப்போகும், பிழைத்ததை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் கை நிற்கும், கதை தொடங்கும். எங்கள் ஊரில் இதை இப்படிச் செய்வோம் என்று உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள். அதைக் கேட்பதில் அவர்களுக்கு உண்மையாகவே ஆசை இருக்கிறது.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். இந்தக் கிராமம் காட்டுவது 1784இலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களின் வாழ்க்கை. அவர்களுக்கு முன்பே ஆற்றங்கரை பூர்வகுடி மக்களின் இடம். கோர்ன்வாலுக்குப் பக்கத்தில் மோஹோக் மக்களின் அக்வெசாஸ்னே இன்றைக்கும் இருக்கிறது.

வீடுகள் எங்கிருந்து வந்தன

இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். கிராமத்துக்குள் வெள்ளை மரத்தால் கட்டிய ஒரு தேவாலயம் இருக்கிறது. 1837இல் கட்டியது. அது முதலில் நின்ற ஊர் முலினெற். அந்த ஊர் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது.

1950களில் பெரிய கப்பல்கள் உள்நாட்டு ஏரிகள் வரை போகவும் மின்சாரம் எடுக்கவும் சென் லோறன்ஸ் ஆற்றை மறித்தார்கள். 1958 யூலை 1ஆம் திகதி, நாட்டின் பிறந்தநாளிலேயே, காலையில் தற்காலிக அணையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நாலு நாளில் தண்ணீர் நிரம்பியது. முலினெற், மில் றோஷ், ஓல்ற்ஸ்வில் என்று ஊர்கள் மூழ்கின. சுமார் 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். 500க்கும் மேற்பட்ட வீடுகளை அடியோடு தூக்கி, பெரிய சில்லு வைத்த யந்திரங்களில் ஏற்றி, புதிதாக அமைத்த இங்கிள்சைட், லோங் சூ என்ற ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். அலுமாரியில் இருந்த கோப்பைகள்கூட உடையவில்லை என்று சொல்வார்கள். மிச்ச வீடுகளை எரித்தார்கள், இடித்தார்கள். காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்தெடுத்த சில கட்டடங்களைச் சேர்த்து, வேறு ஊர்களிலிருந்தும் பழைய கட்டடங்களைக் கொண்டுவந்து அமைத்ததுதான் இந்தக் கிராமம். 1961இல் திறந்தார்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு. 1990 ஆனி மாதம் போரால் வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது எட்டு வயது. இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போன எங்கள் காணியைப் பல வருடத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது கிணறு இருந்தது, வீடு இருக்கவில்லை. இங்கே வீடு இருக்கிறது, காணிதான் தண்ணீருக்குள் போய்விட்டது. தேவாலயத்து வாங்கில் இருந்து நான் இந்தக் கதையை மொழிபெயர்த்துச் சொல்லி முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சுடலையை என்ன செய்தவை?"

அதைப் பார்க்கத்தான் கிராமத்துக்கு வெளியே கொஞ்சம் போகவேண்டும். மூழ்கிய ஊர்களின் இடுகாடுகளிலிருந்து எடுத்த நடுகற்களைச் செங்கல் சுவர்களில் பதித்து ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். சில கல்லறைகளை உறவினர் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பல தண்ணீருக்கு அடியிலேயே இருக்கின்றன. சுவரில் சின்னப் பிள்ளைகளின் கற்களும் உண்டு, எழுத்துத் தேய்ந்தவையும் உண்டு. அம்மா தள்ளுகதிரையிலிருந்து எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகத் தொட்டுத் தொட்டுப் போனார். வெயில் படுகிற பக்கம் கல் சூடாக இருந்தது. இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். பிள்ளைகள் ஓடி விளையாடினால் விடுங்கள், பக்கத்தில் புல்வெளி இருக்கிறது. அங்கேதான் 1813 நவம்பர் 11இல் நடந்த கிறைஸ்லர் பண்ணைச் சண்டையின் நினைவுத்தூணும் இருக்கிறது. மொன்றியலைப் பிடிக்க வந்த அமெரிக்கப் படையை ஒரு சிறிய படை தடுத்த சண்டை. போர் நடந்த வயலும் இப்போது தண்ணீருக்குள்தான், அங்கிருந்து எடுத்த மண்ணில் மேடு கட்டித்தான் தூணை நிறுத்தியிருக்கிறார்கள்.

நேரமும் பலமும் இருந்தால் கிழக்கே அரை மணி நேரம் ஓடுங்கள். லோங் சூ தாண்டியதும் ஓல்ற் பூங்காவில் மூழ்கிய கிராமங்களின் நூதனசாலை இருக்கிறது. அந்த ஊர்களின் மக்களே பழைய கட்டடங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சின்ன இடம், பெரிய கிராமத்தைவிட அமைதி. போகிற வழியில் பதினொரு தீவுகளைத் தொடுக்கும் வீதி ஒன்று வரும். அந்தத் தீவுகள் எல்லாம் 1958க்கு முன் மேட்டுநிலமாக இருந்தவை. மெதுவாக ஓட்டுங்கள். அம்மா அந்த வீதியில் கண்ணாடியை இறக்கச் சொல்லி, கடைசித் தீவு வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டாவது பாணைப் பொலித்தீன் பையில் போடாதீர்கள், மேல்தோல் இளகிவிடும். சுத்தமான துவாயில் சுற்றிப் பின் சீற்றில் வையுங்கள். அடுத்தநாள் காலை தடிப்பாக வெட்டி, தோசைக்கல்லில் வாட்டினால் முதல்நாள் வாசம் திரும்ப வரும். சம்பல் போத்தலை முதல்நாளே காலிசெய்யாமல் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள்.